மகள் பிரசவத்துக்கு அபுதாபி: பாலைவனத்தில் மூன்று மாதம் என்ன செய்வது?

கேள்வி, 24 நவம்பர் 2024

பெண்ணுக்குத் தை மாதம் பிரசவம், அபுதாபிக்கு வரச் சொல்கிறாள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், வீட்டுக்காரருக்கு 68 வயது. போய் வந்தவர்கள் எல்லாரும் "அங்க மணலைத் தவிர ஒண்ணுமில்ல, நாலு சுவத்துக்குள்ள கிடக்கணும்" என்று பயமுறுத்துகிறார்கள். பாலைவனத்தில் வயதானவர்கள் பார்க்க என்ன இருக்கிறது?

பதில், 25 நவம்பர் 2024

நாங்களும் அதற்காகத்தான் வந்திருக்கிறோம். வந்து பதினோரு நாள் ஆகிறது. மகளுக்கு ஜனவரி மூன்றாம் வாரம் நாள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு 67, மனைவிக்கு 63, அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். நான் பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் இருந்தவன். வேலை பார்த்ததில் பாதி விருத்தாசலம், திட்டக்குடி பக்கம்தான்.

அடைந்து கிடக்க வேண்டியதே இல்லை. டிசம்பர், ஜனவரியில் பகலில் 25 டிகிரி சுமாருக்குத்தான், விடியற்காலையில் 14 வரைகூட இறங்கும். நம் ஊர் மார்கழி மாதிரி. சனி ஞாயிறு விடுமுறை, மாப்பிள்ளையிடம் வண்டி இருக்கிறது. இட்லியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். அல் அய்ன், லிவா, ஹத்தா, ஒன்றையும் விடாதீர்கள்.

முக்கியமான ஒன்று. குருமாவுக்கு, பிள்ளை பெற்றவளுக்கு என்று கசகசாவைக் கட்டிக்கொண்டு வராதீர்கள். இங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். மாத்திரைக்கெல்லாம் டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும். தூக்க மாத்திரை, வலுவான வலி மாத்திரை இருந்தால் முன்கூட்டி அனுமதி தேவையா என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள்.

25 நவம்பர், இரவு

மரமே கிடையாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. ஊரைத் தாண்டினால் சாலை ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். எதை வேரோடு பிடுங்க நாம் படாத பாடு படுகிறோமோ அதுவே இங்கேயும் நிற்கிறது. முதல் நாள் பார்த்தவுடன் மனைவி, "இதுவும் விசா எடுத்துக்கிட்டு வந்துடுச்சா" என்றாள்.

1 டிசம்பர் 2024

நேற்று அல் அய்ன் போனோம். அபுதாபியிலிருந்து 150 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒன்றரை மணி நேரம்.

ஊர் நடுவில் பேரீச்சந்தோப்பு. தோப்பு என்றால் ஏக்கர் இரண்டு ஏக்கர் இல்லை, ஒரு லட்சத்துக்கு மேல் மரங்கள். உள்ளே கால் வைத்ததும் வெயில் காணாமல் போய்விட்டது. இரண்டு பக்கமும் ஆள் உயர மதில், நடுவில் கல் பாவின பாதை, பாதையை ஒட்டி வாய்க்கால்.

அந்த வாய்க்காலைத்தான் சொல்ல வந்தேன். பெயர் ஃபலஜ். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் இருக்கும் இடம்வரை ஒரு தாய்க்கிணறு தோண்டுகிறார்கள். அங்கிருந்து ஊரை நோக்கிப் பூமிக்கடியிலேயே சுரங்கம் வெட்டிக்கொண்டு வருகிறார்கள். இடையிடையே மண் அள்ளவும் காற்றுக்கும் ஆழ்துளைகள். சரிவு ரொம்பக் கொஞ்சம்தான் இருக்க வேண்டும். கூடினால் தண்ணீர் தரையை அரித்துவிடும், குறைந்தால் வண்டல் தங்கிவிடும். லெவல் மெஷின் இல்லை, தியோடலைட் இல்லை. அல் அய்ன் பக்கம் ஹீலியில் தோண்டியெடுத்த ஃபலஜ் 3,000 வருடத்துக்கு முந்தையது என்கிறார்கள். மோட்டார் கிடையாது, ஏற்றம் கிடையாது, தண்ணீர் தானே நடந்து வருகிறது. 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் அல் அய்ன் இடங்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

எந்தத் தோப்புக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்று முறை உண்டு. முறையைக் கவனிப்பவருக்கு அரீஃப் என்று பெயர். நம் ஊரில் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் மாதிரிதான். வாய்க்கால் பிரியும் இடத்தில் ஷட்டர் ஒன்றும் இல்லை, ஒரு கல்லும் சாக்குத் துணியும். குனிந்து தொட்டுப் பார்த்தேன். ஈரத் துணியைக் கல் இடுக்கில் எந்தப் பக்கம் திணிக்க வேண்டும் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீரின் எடையே துணியை இன்னும் உள்ளே தள்ளும்படி திணித்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கடைமடையிலும் அப்படித்தான் திணிப்பார்கள். அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். மனைவி திட்டில் உட்கார்ந்து இட்லியைப் பிரித்துவிட்டாள்.

நிலத்தடி நீர் இறங்கிப்போனதால் இப்போது பல ஃபலஜ்களுக்கு ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் விடுகிறார்கள். அது தெரிந்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருடம் முழுக்கச் சேர்த்தாலும் இங்கே 100 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான். ஆனால் போன ஏப்ரல் 16-ஆம் தேதி அல் அய்ன் பக்கம் கத்ம் அல் ஷக்லா என்ற இடத்தில் ஒரு நாள் முடிவதற்குள் 254.8 மில்லிமீட்டர் கொட்டியிருக்கிறது. 1949-லிருந்து பதிவு வைத்திருக்கிறார்கள், அதில் இதுவே உச்சம். அந்த எண்ணைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. வெள்ளத் தடுப்புப் பணியில் இருந்தவர்களுக்குப் புரியும்.

4 டிசம்பர் 2024

நவம்பர் 25 இரவு எழுதியது தப்பு. திருத்துகிறேன்.

சாலை ஓரத்தில் நிற்பதெல்லாம் சீமைக்கருவேலம் இல்லை, பாதி காஃப் மரம், இறங்கிப் போய் முள்ளைப் பாருங்கள் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். தேசிய தின விடுமுறையில் மாப்பிள்ளையை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தோம்.

சீமைக்கருவேலத்துக்குக் கணுவுக்குக் கணு நீளமான முள், பெரும்பாலும் ஜோடியாக. இந்த மரத்தில் முள் சின்னது, ரோஜாச் செடி முள்ளைப் போல அடி அகன்று, கணுக்களுக்கு இடையில் சிதறி இருக்கிறது. கிளைகள் தொங்கலாக, நுனி தரையைத் தொடுகிற மாதிரி. இலை பொடிப்பொடியாக, கொஞ்சம் சாம்பல் பூத்த பச்சை. நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி ஒரு கொத்தை முகத்தருகே இழுத்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இது வன்னிங்க."

அவள் பிறந்தது விருத்தாசலம். பழமலைநாதர் கோயில் தலமரம் வன்னி. சின்ன வயதில் தினமும் அதைச் சுற்றி ஓடியவள். அவளுக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து பார்த்தேன், இரண்டும் ஒரே மரம். அரபியில் காஃப், ராஜஸ்தானில் கேஜ்ரி, நமக்கு வன்னி. 2008-இல் இந்த நாட்டின் தேசிய மரமாக அறிவித்திருக்கிறார்கள். வேர் முப்பது மீட்டர் ஆழத்துக்கும் போகுமாம். மேலே சொட்டு ஈரம் இல்லாத மணலில் அது பச்சையாக நிற்பதற்குக் காரணம் அதுதான்.

அன்றைக்கு அதற்கு மேல் எங்கேயும் போகவில்லை. மர நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டோம்.

15 டிசம்பர் 2024

நேற்று அல் வத்பா சதுப்பு நிலம். அபுதாபியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். பூநாரைகள். 1998-இல் அங்கே அவை குஞ்சு பொரித்ததைப் பார்த்துத்தான் அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆக்கினார்களாம். கோடியக்கரையில் தூரத்தில் வெள்ளைக் கோடாகத்தான் பார்த்திருக்கிறோம். இங்கே கழுத்தை வளைத்துத் தலைகீழாக மூக்கை வைத்து உப்புத் தண்ணீரைச் சலித்துக் பொடி இறாலைத் தின்பது தெளிவாகத் தெரிந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போது மனைவியின் போனில் குரல் செய்தி. இங்கிருந்து வாட்ஸாப் அழைப்பு எங்களுக்குப் போகவில்லை, வேறு செயலி அவள் அக்காவுக்குப் பழக்கமில்லை. அதனால் இருவரும் குரல் செய்தியில்தான் பேசிக்கொள்கிறார்கள். தினமும் காலையில் ஐந்தாறு வரும். மாடு கன்று போட்டது, அடுத்த வீட்டுப் பையனுக்குப் பெண் பார்த்தது, எல்லாம் அதில்தான். நேற்று வந்தது அக்கா குரல் இல்லை, அக்கா மகன். "சித்தி, அம்மா கொல்லையில வழுக்கி விழுந்துட்டாங்க, இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு, கடலூருக்குக் கூட்டிட்டுப் போறோம்."

அவள் அதை ஒரு தடவைதான் கேட்டாள். போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே நூற்றுக்கணக்கான பறவைகள். அவள் கண் அதில் இல்லை.

17 டிசம்பர் 2024

விசாரித்த எல்லோருக்கும் நன்றி. பிளேட் வைத்து அறுவை முடிந்தது. அக்காவுக்கு 71. அம்மா போன பிறகு என் மனைவியை வளர்த்தது அவர்தான். ஊருக்குக் கிளம்பிவிடலாமா என்று கேட்டேன். நிறைமாதக்காரி பக்கத்து அறையில் தூங்குகிறாள். "இவளை விட்டுட்டா? அங்க போகாமலா?" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அக்காவே நேற்று இரவு ஒரு செய்தி அனுப்பினார். குரல் மெலிந்திருந்தது. "நீ வந்து எலும்பை ஒட்ட வைக்கப் போறியா? புள்ளைய பாத்துட்டு வா."

23 டிசம்பர் 2024

மூடுபனி பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், இந்த மாதங்களில் விடியற்காலையில் எதிர் வண்டி தெரியாத அளவுக்கு இறங்கும். அப்போது வேக வரம்பை மின்பலகையில் 80-க்குக் குறைத்துவிடுகிறார்கள். எட்டரைக்கு மேல் கிளம்புங்கள்.

நேற்று ஸ்வைஹான் போகிற வழியில் வண்டி மணலில் மாட்டிக்கொண்டது. சாலையை விட்டு இருபது அடிதான் இறங்கினோம், ஒரு வன்னி மரத்தடியில் நிறுத்தலாம் என்று. மேலே கெட்டியாகத் தெரிந்த மணல் உள்ளே மாவு. மாப்பிள்ளை ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் கீழே போய்க்கொண்டே இருந்தது. சிக்கினால் மிதிக்கவே கூடாது, டயர் காற்றைப் பாதி அளவுக்குக் குறைத்துவிட்டு மெதுவாக எடுக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு உள்ளூர்க் குடும்பம் வண்டியை நிறுத்தியது. பெரியவர் ஒருவர், இரண்டு பையன்கள். பையன்கள் மண்டியிட்டுக் கையாலேயே சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரினார்கள், பட்டையைக் கட்டி இழுத்தார்கள், பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. பணத்தை எடுத்த மாப்பிள்ளையின் கையைப் பெரியவர் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி. ஏலக்காய் மணக்கும், சர்க்கரை கிடையாது, கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணம், கூடவே பேரீச்சம்பழம். குடித்து முடித்தால் மறுபடி ஊற்றுவார்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். சின்னப் பையன் என் மனைவிக்கு ஆட்டிக் காட்டினான். அக்கா விழுந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

30 டிசம்பர் 2024

நவம்பரில் "ஒன்றையும் விடாதீர்கள்" என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

லிவாவுக்கு ஒரே நாளில் போய் வந்தோம். அழகில் குறை சொல்ல முடியாது. மொரீப் என்ற மணல்மேடு 300 மீட்டர் உயரம் இருக்கும், அதற்கு அப்பால் ரூப் அல் காலி என்ற பெரும்பாலை. காற்று அடிக்கும்போது மேட்டின் விளிம்பிலிருந்து மணல் புகை மாதிரி எழும்பியது. ஆனால் போக வர வண்டியிலேயே ஆறு மணி நேரத்துக்கு மேல். மனைவிக்குக் கால் வீங்கிவிட்டது, அடுத்த இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. எங்கள் வயதுக்கு ஒரு நாளில் ஒரு இடம், ஒன்றரை மணி நேரத்துக்குள், உட்கார நிழல், பக்கத்தில் கழிப்பறை. இந்த நாலும் இல்லாத ஊர் எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் வேண்டாம். ஹத்தாவை விட்டுவிட்டோம், வருத்தமில்லை.

19 ஜனவரி 2025

பேத்தி பிறந்தாள். நேற்று அதிகாலை. 2 கிலோ 900. சுகப்பிரசவம், இருவரும் நலம்.

அக்காவுக்குக் குழந்தையின் அழுகையைப் பதிவு செய்து அனுப்பினோம்.

3 பிப்ரவரி 2025

இரண்டு வாரமாக எங்கேயும் போகவில்லை. பத்தியச் சாப்பாடு, குளிப்பாட்டல், ராத்திரி விழிப்பு. மனைவிக்கு ஓய்வே இல்லை. நான் பூண்டு உரிக்கிறேன், துணி மடிக்கிறேன். ஆரம்பத்தில் கேள்வி கேட்ட அம்மா வந்து சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. பிரசவத்துக்கு முன்பு ஊர் சுற்றிவிடுங்கள், பிறகு முடியாது.

10 பிப்ரவரி 2025

பிறகும் முடியும். சம்பந்தியம்மா வந்திருக்கிறார்கள், மகள் பிடிவாதமாக எங்கள் இருவரையும் கிளப்பி அனுப்பினாள்.

முழங்கால் வலிக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அல் அய்னில் ஜெபல் ஹஃபீத் மலையின் அடிவாரத்தில் முபஸ்ஸரா என்று ஒரு இடம். வெந்நீர் ஊற்று, அந்த நீரை வாய்க்காலாகப் புல்வெளி நடுவில் விட்டிருக்கிறார்கள். கரையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட வேண்டியதுதான். மலைமேல் வண்டிப்பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது, அடிவாரத்தில் 5,000 வருடத்துக் கல்லறைகள் இருக்கின்றன. மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார். மனைவி முட்டிவரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்பினாள், தண்ணீர்ச் சத்தத்தையும் சேர்த்து. அக்கா வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறாராம்.

23 பிப்ரவரி 2025

மார்ச் தொடக்கத்தில் ரமலான். பகலில் பொது இடத்தில் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பதுகூட மரியாதை இல்லை. இட்லிப் பொட்டலப் பயணத்துக்கு இதுவே கடைசி வாரம். அதனால் நேற்று மறுபடி அந்தப் பேரீச்சந்தோப்புக்கே போனோம். புது இடம் எதற்கு?

இந்தத் தடவை பாளை வெடித்திருந்தது. ஒரு தொழிலாளி மரத்தின்மேல், இடுப்பைச் சுற்றி மரத்தோடு பட்டைக் கயிறு. ஆண் பாளையிலிருந்து நாலைந்து இணுக்கை ஒடித்து, பெண் பாளையின் நடுவில் செருகி, ஓலைக் கீற்றால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுகிறார். இப்படி ஒவ்வொரு பெண் மரத்துக்கும் கையால்தான். வெள்ளை மாவு அவர் கைமுடியில் ஒட்டியிருந்தது. கீழே இறங்கியவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தமிழா?" என்றார். ராமநாதபுரம் பக்கம். அவர் அப்பா பனை ஏறியவராம். "அங்க பாளை சீவுனோம் ஐயா, இங்க பாளை கட்டுறேன்." ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது, போகும்போது குழந்தைக்கு ஒரு வயது.

மனைவி அவருக்கு இட்லி கொடுத்தாள், பழமலைநாதர் கோயில் கதையும் சொன்னாள். விபசித்து முனிவர் திருப்பணி செய்தபோது வேலையாட்களுக்கு வன்னி இலையைத்தான் கூலியாகக் கொடுத்தாராம், அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி அது பொன்னாக மாறியதாம். அவர் கேட்டுவிட்டு, "அப்ப நான் நாள் முழுக்க ஏறுவேன்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். நாங்கள் கிளம்பும்வரை மேலேயே இருந்தார்.

9 மார்ச் 2025

நாளை ஊருக்கு. குழந்தைக்கு ஐம்பது நாள். பால்கனியில் நேற்றைய காற்றில் படிந்த மணல். மனைவி பெருக்கி அள்ளி முறத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். அரைத்த மஞ்சளைவிட மெல்லியது.

6 ஏப்ரல் 2025

கடைசியாக ஒன்று எழுதிவிடுகிறேன், அக்காவைப் பற்றி இங்கே நிறையப் பேர் கேட்டதால்.

விருத்தாசலத்தில்தான் இருக்கிறோம். அக்கா இப்போது கோலோடு நடக்கிறார். வெயில் தாழ்ந்த பிறகு ஆட்டோவில் கோயிலுக்கு அழைத்துப் போனோம். வன்னி மரத்தடியில் உட்கார வைத்து ஸ்வைஹான் மரத்தின் படத்தைக் காட்டினாள் மனைவி. அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படத்தையும் தலைக்கு மேலேயும் மாறி மாறிப் பார்த்தார். "அங்க தண்ணி ஊத்துறது யாரு?" என்று கேட்டார். யாரும் இல்லை, வேர் அவ்வளவு ஆழம் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கையால் மரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போது மகளிடமிருந்து குரல் செய்தி. பேத்தி "ங்கூ" என்று ஏதோ சொல்கிறாள், அவ்வளவுதான், ஆறு விநாடி. அக்கா போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். நாலாவது தடவையும் போட்டேன்.